ஒட்டின விலை

ஏப்ரல் 2

ஷட்டரைத் தூக்குவதற்குள் மொத்த வியாபாரியிடமிருந்து போன். கேம் கன்சோல் விலை ஏறுகிறதாம். "புது மாடல் வருதுங்களா?" என்றேன். "இல்லீங்க்கா, அதே பழசுதானுங்க. டாலர் ஏறிருச்சுன்னு அஞ்சாயிரம் சேத்திப் போடச் சொல்லி மேல இருந்து வந்திருக்குதுங்க" என்கிறான்.

இந்தக் கன்சோல் சந்தைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து வருடப் பழைய டிவியை யாராவது கூடுதல் விலைக்கு விற்பார்களா? நான் இந்தத் தொழிலில் பார்த்த வரைக்கும் ஒரே கணக்குத்தான். வந்த வருடம் காசுள்ளவன் வாங்குவான். இரண்டு வருடம் போனால் விலை இறங்கும், சம்பளக்காரன் வாங்குவான். இன்னும் இறங்கும், பிள்ளை அழுகிறதென்று எல்லோரும் வாங்குவார்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தை நம்பித்தான் என் கடையே நிற்கிறது. அவர்களிடம் போய், "பழசாயிருச்சுங்க, அதனால வெல ஏறிருச்சுங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? பள்ளிக்கூட லீவு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து ஏற்றுகிறார்கள் பாவிகள்.

நானும் சர்வீஸ் மேசை ரெஜினாவும் உட்கார்ந்து பழைய ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது விலை ஒட்டினோம். நகம் போயிற்று.

என் கடையில் பேரம் கிடையாது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து டிவி கேம் கேசட் விற்ற காலத்தில் போட்ட சட்டம். விற்கிறவள் பொம்பளை என்றால் பாதி விலைக்குக் கேட்பதை உரிமை என்றே நினைத்தார்கள். ஒருநாள் தொண்டை கட்டிப்போய், எல்லாவற்றிலும் விலையை எழுதி ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது. அப்போதிருந்து அப்படித்தான். ஒட்டின விலையைக் கொண்டுவந்து வைத்தால், வைக்கிறவன் என் எதிரியானாலும் பொருள் அவனுக்கு. விலை ஒட்டாதது விற்பனைக்கு இல்லை: சாமி படம், மின்விசிறி, ரெஜினா, நான்.

வீட்டுக்காரர் இன்றும் ரப்பர் பந்தைத் தொடவில்லை. கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

ஏப்ரல் 5

சிறுவாணித் தண்ணீர் இன்றைக்கு என்றார்கள். குடத்தையெல்லாம் வரிசை கட்டி வைத்தேன். வரவில்லை. மாவும் புளித்துவிட்டது.

காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். பொங்கல் முடிந்த வாரம் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்தில் வலது கை சிக்கியது. எலும்பு கூடிவிட்டது. தையலும் ஆறிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மடங்க மாட்டேன் என்கின்றன. பந்தை அமுக்கி அமுக்கிப் பழக்க வேண்டும், விட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பட்டறை முதலாளி நல்ல மனிதர். "ஆடி முடியட்டும் தெய்வசிகாமணி, கை வந்தா லேத்து. இல்லீன்னா வாட்ச்மேனா கேட்ல ஒரு சேர் போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சேர் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மனுஷன் பாதிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க மாமா, அந்தப் பந்த சித்தெ அமுக்குனா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"பந்து வெளையாடறதுக்கு நான் என்ன கொழந்தையா?"

"சரி, சேர்லயே போயி உக்காருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஏப்ரல் 9

நவநீதன் வந்தார். சரவணம்பட்டியில் ஐடி கம்பெனி வேலை. ஆஃபர் என்று எங்கே எழுதியிருந்தாலும் நின்று வாங்கிவிட்டுத்தான் நகர்வார். கையில் ஒரு கேமிங் மெஷின். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பிடித்து விளையாடுகிற மாதிரி, பெரிய செங்கல் அகலத்தில்.

"இத எடுத்துக்கறீங்களாக்கா?"

"ஆறு மாசங்கூட ஆகலையே. என்னுங்க கொறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க்கா. இதுல விண்டோஸ் கெடையாது, லினக்ஸ். விண்டோஸுக்குப் பண்ணுன கேமயும் இதுவே எப்படியோ சமாளிச்சு ஓட்டிருது. ஆனா எங்க ஆபீஸ் பசங்க எல்லாம் சேந்து ஆன்லைன்ல சுட்டு வெளையாடறோமே, அது மட்டும் ஓடாது. ஏமாத்தறவங்களப் புடிக்கறதுக்கு அதுல ஒரு காவல் வெச்சிருக்கானுங்க. லினக்ஸைப் பாத்தாலே உள்ள விடாதுங்க."

"மத்த கேம் எல்லாம் ஓடுதுல்லீங்க? எத்தன வெச்சிருக்கீங்க?"

"நானூறு இருக்கும்."

"எத்தன வெளையாடி முடிச்சீங்க?"

விட்டத்தைப் பார்த்தார். "ஏழு... ஒண்ணு பாதில நிக்குது."

"நாங்க பீரோவுல சேலை அடுக்குனா மட்டும் ஊரே பேசுதுங்க."

"ஆஃபர்ல வாங்காம விட்டா நஷ்டப்பட்டாப்பல இருக்குதுங்க்கா" என்று சிரித்தார். வாங்கினால் வருகிற நஷ்டத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அது எனக்கு நல்லதுதான்.

இருபதாயிரம் கொடுத்து எடுத்தேன். ரெஜினா அவருடைய கணக்கையெல்லாம் அழித்துவிட்டு, ஓட்டிக் காட்டுவதற்காகக் கடைக் கணக்கிலிருந்து ஒரு லாரி ஓட்டுகிற கேமைப் போட்டு வைத்தாள். இருபத்தாறாயிரம் ஸ்டிக்கர் ஒட்டி முன்வரிசையில் வைத்தேன்.

ஏப்ரல் 16

நான்கு பேர் கேட்டார்கள். "விண்டோஸ் இல்லீங்களா?" நான்கு பேரும் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் பெட்டியைப் போட்டோ எடுத்து, என் கடைக்குள்ளேயே நின்று, ஆன்லைனில் விலை பார்த்தான். ஃபேன் காற்று இலவசம்.

ஏப்ரல் 17

மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியாமல் விற்றால் நாளைக்குச் சண்டைக்கு வருவார்கள். எனக்கு மாவாட்டுகிற வேலை இருந்தது. அதனால், "மாமா, கடைச் சரக்கு. சார்ஜ் எறங்கற வரைக்கும் சும்மா ஓட்டிட்டே இருங்க. எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு எதுக்கு இது?"

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? வெல ஒட்டியிருக்குது, பாருங்க."

திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் கையில் எடுத்தார்.

லாரி நகர வேண்டுமானால் வலது ஆள்காட்டி விரலால் பின்பக்கப் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால்தான் பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியும். இது நான் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. அந்த மெஷினின் அமைப்பே அப்படி.

கிரைண்டர் சத்தத்துக்கு மேலே குரல் கேட்டது. "அடே, இண்டிகேட்டர் போடாம திரும்பறான் பாரு மடையன்!"

ஏப்ரல் 18

பேட்டரி சரியாகத் தெரியவில்லையாம். நடுவில் லாரி கவிழ்ந்துவிட்டதாம். இன்னொரு நாள் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம்.

ஏப்ரல் 29

பகலில் கடையில் காட்சிக்கு, சாயங்காலம் வீட்டில் சோதனைக்கு. ஒரு சரக்கை இவ்வளவு நாள் சோதித்தது என் வாழ்க்கையில் இல்லை.

மே 6

இன்று ஒரு கல்லூரிப் பையன் வந்து மெஷினை எடுத்தான், பிடித்துப் பார்த்தான், லினக்ஸ் என்று தெரிந்தும் வைக்கவில்லை. "நம்மளே என்ன வேணாலும் மாத்திக்கலாங்க்கா, அதுதான் இதுல கெத்து" என்று எனக்கே பாடம் நடத்தினான். பிறகு, "ஏடிஎம் போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டிக்கரை மாற்றினேன். முப்பத்திரண்டு.

திரும்பி வந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "அக்கா, ஏடிஎம் போயிட்டு வரதுக்குள்ள ஆறாயிரம் ஏறுமா?"

"டாலர் ஏறுதுங்க தம்பி. கம்பெனிக்காரனே அஞ்சு வருஷப் பழசுக்கு ஏத்தறான், நான் என்ன பண்ணட்டும்?"

"கொள்ளைக்கா இது" என்றான். கோபம் நியாயம்தான். ரெஜினா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். உன் வேலையைப் பார் என்றேன்.

மே 21

லீவு சீசன் ஊற்றிக்கொண்டது. விலையைக் கேட்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், போய்விடுகிறார்கள். சின்ன மாடலைக் காட்டினால் அதில் டிஸ்க் போடுகிற வழியே இல்லை. முடித்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் மேலே போட்டு வேறு டிஸ்க் எடுத்துப் போவது என் கடையின் பழக்கம். பாதி வாடகை அதில்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது எல்லாம் டவுன்லோடு. காசு கொடுத்து வாங்கினதைக் கைமாற்றவும் முடியாது, வித்துத் தின்னவும் முடியாது. இதற்கு ஜனங்கள் கியூவில் நின்று முன்பதிவு வேறு செய்கிறார்கள்.

இந்த எரிச்சலில் இருக்கும்போது ரெஜினா வந்து நிற்கிறாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஸ்டிக்கரக் கிழிச்சுட்டு மெஷின வீட்டுக்கே கொண்டு போயிருங்களேன்."

"கடைச் சரக்க வீட்டுச் சாமான் ஆக்குனா கடை உருப்படுமா?"

"அப்ப அண்ணனுக்குன்னு வெளிப்படையாச் சொல்லி..."

"சொல்லு. நீயே வந்து சொல்லு. 'உங்க கை சரியாகோணும்னு வாங்குனது'ன்னு சொல்லு. பந்து கெடக்கற எடத்துல அதுவும் போய்க் கெடக்கும். ஸ்டிக்கர் இருக்கற வரைக்குந்தான் அது கடைச் சரக்கு. கடைச் சரக்கா இருக்கற வரைக்குந்தான் அவரு தொடுவாரு."

இவ்வளவு பேசினது அதிகம். டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 8

மறுபடி போன். இந்த முறை கண்ட்ரோலர் விலை, மாதச் சந்தா விலை. கையில் பிடிக்கிற ரிமோட் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏன் என்று கேட்டால் "மெமரி சிப் விலைங்க்கா" என்கிறான். போன தடவை டாலர், இந்தத் தடவை சிப். அடுத்த தடவை மழை என்பான்.

சந்தை நிலவரத்தை ஒட்டி லினக்ஸ் மெஷினுக்கும் முப்பத்தொன்பது ஒட்டினேன்.

ஜூன் 15

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்க்காரன் வரும்வரை பக்கத்து வீட்டு அடுப்பில் குழம்பு. வீட்டுக்காரர் மலைப்பாதையில் மரம் ஏற்றிக்கொண்டு போகிறாராம், சாப்பிடக் கூப்பிட்டால் "பாலம் தாண்டட்டும் இரு" என்கிறார். பிறந்ததிலிருந்து டிவிஎஸ் 50-க்கு மேல் எதையும் ஓட்டாத மனுஷன்.

ஜூன் 24

ஆஸ்பத்திரி. டாக்டர் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மடக்கினார். முன்பு மரக்கட்டை போல நின்றது, இப்போது பாதி தூரம் வந்தது. ஆள்காட்டி விரல் நன்றாகவே மடங்குகிறது.

"பரவாயில்லையே! பந்த விடாம அமுக்குனீங்களா?"

"ம்" என்றார் வீட்டுக்காரர், கூசாமல்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு மாசம், நடுவுல விட்டுறக் கூடாது. விட்டா வந்ததும் போயிரும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டு. காற்றில் தூசி. கண்ணெல்லாம் எரிந்தது.

ஜூலை 3

"ஏம்புள்ள கோதை, இது மொதல்ல இருபத்தாறுதான இருந்துது?" ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாந்தான் ஏறுது."

"பழசாக ஆக ஏறுமா?"

"கம்பெனிக்காரனக் கேளுங்க."

மறுபடி லாரிக்குள் போய்விட்டார்.

ஜூலை 12

நவநீதன்! நான் பயந்துகொண்டே இருந்த ஆள் இவர் இல்லை. கொடுத்துவிட்டுப் போன ஆளே திரும்பி வருவார் என்று யார் நினைப்பார்கள்?

"பாப்பா பொறந்திருக்குதுங்க்கா" என்று மைசூர்பா கொடுத்தார். "டிவி முன்னாடி உக்காரவே முடியறதில்ல. ஆன்லைன் ஆட்டமெல்லாம் போச்சு. அந்த மெஷினா இருந்தா பாப்பா தூங்கறப்ப எடுக்கலாம், அழுதா அப்படியே நிறுத்தி வெக்கலாம். விட்ட எடத்துலயே நிக்கும். இன்னும் விக்கலைங்களே?"

"புதுசு வாங்கிக்குங்க."

"எங்கயும் ஸ்டாக் இல்லீங்க. வர ரெண்டு மாசமாகுமாம். என்ன வெலைங்க இப்ப?"

நல்லவேளை, அவர் கண்ணில் படுகிற மாதிரி முன்வரிசையில் இல்லை. "எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போய், ஐம்பத்திரண்டு ஒட்டிக்கொண்டு வந்தேன். புதுசின் விலையே அதைவிடக் குறைவு.

ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, நான் இருபதுக்குக் குடுத்தது."

"நீங்க குடுத்தப்ப அது உங்களுக்குத் தேவையில்லாம இருந்துதுங்க."

மைசூர்பா டப்பாவைத் திருப்பி வாங்காமல் போனாரே, அந்த மட்டில் பெரிய மனிதர்.

இனிமேல் பயமில்லை. இந்த விலைக்குக் கிறுக்கன்கூட வாங்க மாட்டான்.

ஜூலை 20

ஆடித் தள்ளுபடி. துணிக்கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். என் கடையில் ஒன்று வாங்கவே ஆளில்லை.

சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டை அவரே போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 29

இதை எழுதவே கை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

காலையில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மத்தியானம் கடைக்கு வந்தால் என் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஜனவரிக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர தெருவைத் தாண்டாத மனுஷன் தனியாக டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறார். ரெஜினா எதையோ சால்டரிங் பண்ணுவது போலக் குனிந்திருந்தாள். அவள் கையில் சால்டரிங் அயர்னே இல்லை.

"என்னுங்க இது, சொல்லாம கொள்ளாம?"

"நீ கடைச் சரக்க மறந்து வெச்சுட்டு வந்துட்டே. கொண்டாந்தேன்."

"எங்கீங்க அது?"

"வித்தாச்சு."

"யாரக் கேட்டு வித்தீங்க?"

"யாரக் கேக்கோணும்? அந்தப் பாப்பா பொறந்த தம்பி வந்துது, புதுசுக்குக் காத்திருக்க முடியலைன்னுது. ஒட்டின வெலையக் கொண்டாந்து வெச்சுது. குடுத்துட்டேன். உன்ற சட்டந்தான?"

"அம்பத்திரண்டுக்கா? புதுசே அவ்வளவு இல்லீங்க! அந்த வெலைக்கு ஒருத்தன் வாங்குவான்னு எந்தக் கிறுக்கியாவது..."

"அதத்தான் நானும் யோசிச்சேன். யாவாரத்துல இத்தன கெட்டிக்காரி, விக்கவே கூடாதுன்னு எதுக்கு வெல ஒட்டறான்னு." மேசைமேல் இருந்த பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "ரொம்ப நாளைக்கு முன்னாலயே தெரியும் புள்ள. ஸ்டிக்கர் ஏற ஏறத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா வித்தீங்க? டாக்டர் என்ன சொன்னாரு? நடுவுல விட்டா வந்ததும் போயிரும்னாரா இல்லீங்களா?"

"நீ சொன்ன வெலைக்கு நீயே இல்லேன்னு சொன்னா, நாளைக்கு எவன் உன்ற ஸ்டிக்கர நம்புவான்? என்ற கையி ஒண்ணுக்காக அதக் கெடுக்கறதா?"

ரெஜினா, "டீ வாங்கிட்டு வரேங்க்கா" என்று ஓடிவிட்டாள்.

பில்லைப் பார்த்தேன். கார்பன் நகல். கம்ப்யூட்டரில் போடத் தெரியாமல் கையால் எழுதியிருக்கிறார். எழுத்தெல்லாம் கோணல், ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது. எண்ணால் எழுதினால் போதும். இவர் "ரூபாய் ஐம்பத்திரண்டாயிரம் மட்டும்" என்று எழுத்தாலும் முழுக்க எழுதி, அடியில் தெய்வசிகாமணி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஜனவரியில் ஆஸ்பத்திரித் தாளில் இடது கை ரேகை வைத்த மனுஷன்.

ஜிஎஸ்டி நம்பர் எங்கே என்று கத்தினேன். தேதி எங்கே, சீரியல் நம்பர் எங்கே, இது பில்லா என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்த பில்லுல போட்டர்றேன்" என்றார்.

ஜூலை 30

நவநீதனுக்குப் போன் செய்து, முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், புதுசு வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள், மெஷினைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "அக்கா, பாப்பா தூங்குது, ஆட்டம் நல்ல எடத்துல நிக்குது, அப்பறமேலு கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்டு 4

பட்டறைக்குப் போனார். லேத்தா சேரா என்று வாயைத் திறக்காமல் கிளம்பினார். நான் கடையில் மூன்று பேரிடம் விலையைத் தப்பாகச் சொன்னேன். என் கடையில் விலை சொல்லவே வேண்டியதில்லை, ஒட்டித்தான் இருக்கிறது.

சாயங்காலம் கடைக்கே நேராக வந்தார். கையில் ஆயில் கறை. மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

"அரை நாள் நின்னேன். அப்பறம் புடி நழுவுது. தெனமும் அரை நாள் நிக்கச் சொல்லியிருக்காரு. ஆடி முடிஞ்சா பாக்கலாம்ங்கறாரு."

"சேரு?"

"மடக்கி ஓரமா வெச்சிருக்குது. இன்னும் எடுக்கல."

ஆகஸ்டு 5

ரெஜினாவின் மேசைக்கடியில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. யாரோ விட்டுவிட்டுப் போனது. விண்டோஸ் போட்டால் மூச்சுத் திணறும். "லினக்ஸ் போட்டா ஓடுங்க்கா. லாரி கேம் தாங்கும்" என்றாள். போடச் சொன்னேன். புதுச் சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு கண்ட்ரோலரை எடுத்து அதோடு வைத்தேன். ஆறாயிரத்துச் சொச்சம், கொள்ளை விலை.

ராத்திரி வீட்டுக்காரர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், கண்ட்ரோலரின் பின்பக்கம் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"வெல ஒட்டலையே புள்ள."

"ஒட்டல" என்றேன்.

வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.